சூதாடாதவர்கள் சூதாட்ட ஊருக்குப் போனால்: லாஸ் வேகாஸ், அட்லான்டிக் சிட்டி, மக்காவ்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்க வரும் நம் ஊர்ப் பெற்றோர்களுக்கென்று ஒரு சுற்று உண்டு. சுதந்திர தேவி சிலை, நயாகரா, வாஷிங்டன், கடைசியில் லாஸ் வேகாஸும் கிராண்ட் கேன்யனும். நாங்கள் இருப்பது நியூஜெர்சியில். கணவருக்கு லீவு கிடைக்காததால், பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை வேகாஸுக்கு நான் ஒருத்திதான் கூட்டிப்போனேன். எங்கள் மூவரில் யாருக்கும் சூதாட்டத்தில் ஒரு துளி ஆர்வம் கிடையாது. அப்பா கல்யாண வீட்டில்கூட ரம்மிக்கு உட்காராதவர். அட்லான்டிக் சிட்டி எங்களுக்குக் கார் தூரம் என்பதால் ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே ஒரு நடை போய்விடுவோம். சீனாவின் தென்கரையில் இருக்கும் மக்காவுக்கு, ஹாங்காங் வழியாகச் சென்னை போன ஒரு தடவை கணவரோடு போனேன். மூன்று ஊருமே கேசினோவுக்குப் பேர் போனவை. ஆனால் சூதாடாத குடும்பத்தை மூன்றும் மூன்று விதமாக நடத்துகின்றன. அது தெரியாமல் வேகாஸில் நான் பட்ட பாட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அறை வாடகை ஒரு ராத்திரிக்கு 49 டாலர் என்று திரையில் காட்டியது. ஸ்ட்ரிப் என்று சொல்லும் அந்தப் பெரிய சாலையிலேயே, நல்ல பெரிய விடுதி. நியூஜெர்சியில் நெடுஞ்சாலை ஓர மோட்டலுக்கே அதைவிட அதிகம் ஆகும். வரவேற்பு மேசையில் பில்லை நீட்டியபோதுதான் கணக்கு புரிந்தது. வாடகை 49. அதன் மேல் 'ரிசார்ட் ஃபீ' 45. இரண்டையும் கூட்டி 13.38 சதவீதம் வரி. ஆக மொத்தம் ஒரு ராத்திரிக்கு 106 டாலர் 58 சென்ட். இந்த ரிசார்ட் ஃபீ எதற்கு என்று கேட்டால் வைஃபை, உடற்பயிற்சிக் கூடம், உள்ளூர் தொலைபேசி அழைப்பு என்று பட்டியல் வாசிக்கிறார்கள். நாங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகப் போவதில்லை என்றாலும் அதைக் கழிக்க மாட்டார்கள். வாடகைக் கார் எடுத்திருந்ததால் பார்க்கிங்குக்கும் தினமும் தனியாகப் பணம். ஸ்ட்ரிப்பில் பார்க்கிங் இலவசமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2016-இல் பெரிய விடுதிகள் வசூலிக்க ஆரம்பித்தன. மற்றவர்களில் பலரும் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள்.

இப்போது ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதி வந்துவிட்டது. எனவே இனி 45 டாலர் அதிர்ச்சி கவுன்ட்டரில் காத்திருக்காது. ஆனால் கட்டணம் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முன்னே காட்டிவிட்டு வாங்குகிறார்கள், அவ்வளவுதான். வரியும் பார்க்கிங்கும் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிழமையையும் பாருங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு விலை, வெள்ளி சனிக்கு அதே அறை மூன்று மடங்குகூட ஆகும். ஜனவரி மாத மின்னணுக் கண்காட்சி, நவம்பர் மாத ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடக்கும் வாரங்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது கார்டு விஷயம். இதை மட்டுமாவது தயவுசெய்து மனதில் வையுங்கள். "இந்த ட்ரிப் என்ற செலவு கண்ணு" என்று அப்பா ஊரிலிருந்து எடுத்து வந்த ஃபாரெக்ஸ் கார்டை, அதாவது முன்கூட்டியே டாலர் ஏற்றிய கார்டை, மேசையில் வைத்துவிட்டார். நான் என் கிரெடிட் கார்டை எடுப்பதற்குள் அந்தப் பெண் தேய்த்தும்விட்டாள். வாடகையோடு, ராத்திரிக்கு 100 டாலர் வீதம் முன்பணமும் சேர்த்து 'ஹோல்டு' போட்டார்கள், அதாவது பணத்தை எடுக்காமல் கார்டிலேயே முடக்கி வைத்தார்கள். மூன்று ராத்திரிக்கு எல்லாம் சேர்த்து 620 டாலர். காலி செய்யும்போது தானாக விடுபட்டுவிடும் என்றார்கள். காலி செய்த அன்று உண்மையான பில்லைத் தனியாக எடுத்தார்கள், 620 மட்டும் அப்படியே முடங்கிக் கிடந்தது. அன்றைக்கே கிராண்ட் கேன்யனில் டிக்கெட் வாங்க அப்பா கார்டை நீட்டியபோது மறுத்துவிட்டது. கார்டில் 800 டாலர் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எடுக்க முடிந்தது 180. பின்னால் வரிசை நிற்கிறது, மனிதர் முகம் சிவந்துபோய் மறுபடி மறுபடி அதே கார்டைத் தேய்க்கச் சொல்கிறார். நாற்பது வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்தவருக்குக் கார்டு செல்லாது என்று ஒருத்தர் சொல்வது எப்படி இருந்திருக்கும். கார் ஏறும்வரை யாரோடும் பேசவில்லை.

கிரெடிட் கார்டில் ஹோல்டு போட்டால் கடன் வரம்பு மட்டும் கொஞ்சம் குறையும், கைப்பணம் முடங்காது. டெபிட் கார்டிலும் ஃபாரெக்ஸ் கார்டிலும் முடங்குவது நம் சொந்தப் பணம், விடுபட வாரக்கணக்கில்கூட ஆகலாம். எங்களுக்கு அது விடுபட்டபோது அவர்கள் பொள்ளாச்சி திரும்பியிருந்தார்கள். மிச்ச டாலரை ரூபாயாக மாற்றும்போது வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு என்பதால் அதிலும் ஒரு நஷ்டம். மேசைக்குப் போகும் முன்பே உங்கள் கிரெடிட் கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாக்களை லக்கேஜ் பக்கம் நிற்க வைத்துவிடுங்கள்.

அறையில் ஒரு கெட்டில் கிடையாது. காபி போடும் கருவியும் இல்லை. ஸ்ட்ரிப்பில் பல விடுதிகளில் இப்படித்தான். விருந்தாளி அறையிலேயே காபி குடித்துவிட்டால் கீழே எதற்கு இறங்குவான்? அம்மா நியூஜெர்சி நேரத்துக்கு விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்துவிட்டார்கள், வேகாஸில் அப்போது ராத்திரி இரண்டு. காபி இல்லாமல் அவர்களுக்கு நாள் தொடங்காது. சரி என்று இருவரும் இறங்கினோம். லிஃப்ட் திறந்தால் நேரே கேசினோ. எந்தக் கடைக்குப் போவதென்றாலும் அந்தத் தளத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். சிகரெட் புகையும், அதை மறைக்க அடிக்கும் வாசனைத் திரவியமும் கலந்து அம்மாவுக்குத் தலை சுற்றியது. ஒரு கடையில் வெந்நீர் மட்டும் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்து வந்திருந்த காபித்தூள் பாக்கெட்டைப் பிரித்து, ஸ்லாட் மெஷின்களுக்கு நடுவே நின்று கலக்கினார்கள். பக்கத்து மெஷினில் எண்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் கண் கொட்டாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். "ஏஞ்சாமி, இந்தப் பாட்டி இந்நேரத்துல தூங்காம எதுக்கு இங்க உக்காந்திருக்குது, ஊட்டுல யாரும் தேட மாட்டாங்களா?" என்று அம்மா கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு சின்னக் கெட்டில் வாங்கினேன். நீங்கள் பெட்டியிலேயே ஒன்றை வைத்துக்கொண்டு போங்கள்.

மினிபாருக்கும் நாங்கள் அழுதோம். அந்தக் குளிர்பெட்டியில் பாட்டில்களுக்கு அடியில் சென்சார் இருக்கிறது. எடுத்துச் சில நொடிகள் வைத்திருந்தாலே பில்லில் ஏறிவிடும். அம்மா தயிர் டப்பா வைக்க இடம் வேண்டி இரண்டு குட்டி பாட்டில்களை எடுத்து வெளியே வைத்தார்கள். பாட்டில்களுக்கு 12 டாலர், சொந்தப் பொருளைக் குளிர்பெட்டியில் வைத்ததற்கு 50 டாலர். தயிர் மூன்று டாலர்தான். சண்டை போட்டதில் 12-ஐ விட்டார்கள், ஐம்பதை விடவில்லை. கதவில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதாம். இன்சுலின் போன்ற மருந்து வைக்க வேண்டும் என்று சொல்லிக் கேட்டால் தனியாக ஒரு சின்னக் குளிர்பெட்டி கொண்டுவந்து வைப்பார்கள். கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் டைம்ஷேர்காரர்கள் மேல்தான், அதாவது ஒரு ரிசார்ட்டில் வருஷா வருஷம் சில நாள் தங்கும் உரிமையை விற்பவர்கள் மேல். லாபியில் தகவல் மேசை போலவே ஒன்று இருந்தது. ஹூவர் அணைக்கு எப்படிப் போவது என்று கேட்கத்தான் நின்றேன். அந்தப் பையன் சிரித்த முகமாக வழி சொன்னான், எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டான், அப்பாவுக்கு ஒரு 'நமஸ்தே' வைத்தான். அப்புறம் மேஜிக் ஷோவுக்கு மூன்று இலவச டிக்கெட், கூடவே சாப்பாட்டுக் கூப்பன். அதற்காக நாங்கள் செய்ய வேண்டியது, காலையில் இரண்டு மணி நேரம் ஒரு புதிய ரிசார்ட்டைச் சுற்றிப் பார்ப்பது மட்டும். அவர்கள் வேனிலேயே கூட்டிப்போனார்கள், அங்கேதான் சூட்சுமம். ஸ்ட்ரிப்பை விட்டு எங்கோ தள்ளி இறக்கிவிட்டால் நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. ஒருத்தர் பேசி முடித்ததும் அவருடைய மேலாளர் வருவார், அவருக்குப் பிறகு இன்னொருவர், விலை ஒவ்வொரு தடவையும் பாதியாகும். 'உங்கள் பெற்றோருக்கு வருஷா வருஷம் இந்தச் சந்தோஷத்தைத் தர மாட்டீர்களா' என்று அப்பா முன்னாலேயே என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் விட்டார்கள், அம்மா மாத்திரை போடும் நேரமும் தவறிவிட்டது.

டிக்கெட் கொடுத்தார்கள், அதை மறுக்க முடியாது. மேஜிக்கும் அப்பாவுக்குப் பிடித்தது. ஆனால் வேகாஸில் ஒரு பகல் போனது போனதுதான். யாராவது இந்த வலையில் விழுந்து கையெழுத்தே போட்டுவிட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். நெவாடா சட்டப்படி, கையெழுத்திட்ட பிறகு ஐந்தாம் நாள் நள்ளிரவு வரை எழுத்து மூலம் ரத்து செய்யலாம். போனில் சொன்னால் போதாது. ஒப்பந்தத்தில் இருக்கும் முகவரிக்குக் கடிதம் அனுப்பி, அனுப்பிய அத்தாட்சியை வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பிடுங்கல் ஏன் என்று திரும்பி வந்த பிறகு யோசித்தேன், படித்தும் பார்த்தேன். நெவாடாவில் சூதாட்டம் சட்டபூர்வமானது 1931-இல். அதன் பிறகு பல காலம், அறையும் சாப்பாடும் ஆட்டக்காரனை உள்ளே இழுக்கும் தூண்டில். அவன் மேசையில் தோற்கும் பணத்தில் மற்றவர்கள் மலிவாக விடுமுறை கழித்தார்கள். இப்போது ஸ்ட்ரிப் விடுதிகளின் வருமானத்தில் பாதிக்கு மேல் வருவது அறை, உணவகம், மது, நிகழ்ச்சி இவற்றிலிருந்துதான். அதாவது சூதாடாத நம்மிடமிருந்து. மக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே வருமானத்தின் பெரும்பகுதி இன்னமும் ஆட்ட மேசைகளிலிருந்து, அதிலும் முக்கியமாக பக்காரா சீட்டாட்டத்திலிருந்து வருகிறது. 2006-லேயே சூதாட்ட வருமானத்தில் மக்காவ் வேகாஸ் ஸ்ட்ரிப்பை முந்திவிட்டது. எந்தக் கேசினோ ஊருக்குப் போகும் முன்பும் இந்த ஊர் யாரிடமிருந்து சம்பாதிக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. மேசையில் சம்பாதிக்கும் ஊரில் நாம் ஓசிப் பயணிகள்.

மக்காவில் அதை இறங்கியதுமே உணர்ந்தோம். ஹாங்காங்கிலிருந்து 2018-இல் திறந்த அந்த நீளமான கடல் பாலம் வழியாகப் பேருந்தில் போனால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது, பகலில் 65 ஹாங்காங் டாலர் கொடுத்தோம். எல்லைச் சாவடிக்கு வெளியே ரிசார்ட்டுகளின் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. ஏறி உட்கார வேண்டியதுதான், அறை போட்டிருக்கிறாயா, ஆட வந்தாயா என்று கேள்வி கிடையாது. இலவசம். உள்ளே போனால் செயற்கை வானம், கால்வாய், படகு எல்லாம் சும்மா பார்க்கலாம். இருபத்தொரு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு ஆட்டத் தளத்தில் அனுமதி இல்லை. கடைத்தெருவும் ஆட்டத் தளமும் தனித்தனியாகப் பிரிந்திருப்பதால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வேகாஸைவிடத் தொல்லை குறைவு. புகைக்கென்று தனி அறைகள் உண்டு, மற்ற இடத்தில் புகைக்கக் கூடாது என்பதால் மூச்சும் விட முடிகிறது.

ஆனால் மக்காவின் நிஜமான சொத்து கேசினோவுக்கு வெளியே இருக்கிறது. போர்த்துக்கீசியர்கள் 1999 டிசம்பரில்தான் அதைச் சீனாவிடம் ஒப்படைத்தார்கள். செனாடோ சதுக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகப் பதித்த கல்தரை, முகப்புச் சுவர் மட்டும் நிற்கும் செயின்ட் பால் தேவாலயம், இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை, பார்க்கக் காசில்லை. ஊரின் தெற்குக் கோடியான கொலோவான் பக்கம் போனால் சுடச்சுட முட்டை டார்ட். சைவர்கள் கொஞ்சம் திண்டாட வேண்டும். பழைய தெருக்களில் எதில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம், பெரிய ரிசார்ட்டுகளுக்குள் இருக்கும் இந்திய உணவகங்களில் விலை கடிக்கும். அக்டோபர் முதல் வாரச் சீன விடுமுறையிலும் சீனப் புத்தாண்டிலும் கூட்டம் தாங்காது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மக்காவுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. ஹாங்காங்குக்குள் நுழைய மட்டும் இணையத்தில் முன்பதிவு செய்து அந்தத் தாளை அச்சடித்து வைத்திருக்க வேண்டும். திரும்பி ஹாங்காங் வரும்போதும் அதைக் காட்ட வேண்டியிருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அட்லான்டிக் சிட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறும் ஊர். 1976-இல் நியூஜெர்சி மக்கள் வாக்களித்து அனுமதித்து, 1978-இல் முதல் கேசினோ திறந்தது. அப்புறம் பக்கத்து மாநிலங்களும் கேசினோக்களைத் திறந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. 2014 ஒரே வருஷத்தில் நான்கு கேசினோக்கள் மூடப்பட்டன. கடலோர மர நடைபாதை அழகு. அதிலிருந்து ஒரு தெரு உள்ளே போனால் பழைய நகை வாங்குகிறோம், அடகு பிடிக்கிறோம் என்று பலகைகள். இருட்டிய பிறகு அங்கே நான் நடக்க மாட்டேன். ஆனாலும் பெற்றோரோடு போக மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். நியூஜெர்சியின் பல கடற்கரைகளில் மணலில் கால் வைக்கவே காசு கேட்பார்கள், இங்கே கடற்கரை இலவசம். நடைபாதையில் வெயில் தாழ்ந்த பிறகு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கலாம், முழங்கால் வலிக்காரர்களுக்குத் தள்ளுவண்டி நாற்காலி உண்டு, ஏறும் முன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரான மார்கேட்டில் 1881-இல் கட்டிய ஆறு மாடி உயர யானை ஒன்று நிற்கிறது, லூசி என்று பெயர், மரத்தால் கட்டித் தகரம் போர்த்தியது, வயிற்றுக்குள் ஏறிப் பார்க்கலாம். அம்மா வேகாஸின் எந்த விளக்கையும் பற்றி ஊரில் பேசியதாகத் தெரியவில்லை, யானையைப் பற்றி எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, மே முதல் செப்டம்பர் வரை போங்கள், வாரநாளில் போங்கள், ராத்திரி தங்காமல் திரும்பிவிடுங்கள்.

அப்படியானால் வேகாஸ் வேண்டவே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. பெலாஜியோ விடுதியின் நீரூற்று நடனம் இன்றும் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் நல்ல காட்சி. பழைய ஊர்ப் பகுதியான ஃப்ரீமான்ட் தெருவின் விளக்குக் கூரையும் அப்படியே. மிராஜ் விடுதியின் செயற்கை எரிமலை என்று பழைய பயணக் குறிப்புகளில் இருப்பதை நம்பிப் போக வேண்டாம், 2024 ஜூலையில் அந்த விடுதியையே மூடிவிட்டார்கள். ஸ்ட்ரிப்பில் எதிரே தெரியும் விடுதிக்கு 'இதோ, பக்கத்தில்தான்' என்று நடக்கத் தொடங்காதீர்கள். கட்டடங்கள் பெரிதாக இருப்பதால் கிட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும். உள்ளுக்குள் நடந்து வெளியே வரவே பத்து நிமிடம், சாலையைக் கடக்கப் படியேறும் பாலம். ஜூலையில் வெயில் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும். வியர்வை சட்டென்று காய்ந்துவிடுவதால் தாகமே தெரியாது, அப்பா கால் மணி நேரத்தில் கண் இருட்டுகிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

கிராண்ட் கேன்யன் என்று விற்கப்படுவதிலும் இரண்டு வகை. கண்ணாடிப் பாலம் இருக்கும் வெஸ்ட் பகுதி ஹுவாலாபாய் பழங்குடியினரின் நிலம், வேகாஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். நாம் படங்களில் பார்க்கும் தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பு அது இல்லை. அதற்கு நாலரை மணி நேரம் ஓட்ட வேண்டும். என் கையிலிருந்த தேசியப் பூங்கா பாஸ் வெஸ்டில் செல்லாது என்று கவுன்ட்டரில்தான் தெரிந்தது. நாங்கள் போனபோது கண்ணாடிப் பாலத்தில் கைப்பேசியைக் கொண்டுபோக விடவில்லை, போட்டோ வேண்டுமென்றால் அவர்கள் எடுத்ததைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. முடிந்தால் தெற்கு விளிம்பருகே ஒரு ராத்திரி தங்குங்கள்.

கேசினோவில் 20 டாலரை வைத்து ஒரு கை பார்க்காமல் வர மாட்டேன் என்று கூட வரும் யாராவது அடம்பிடித்தால், ரூலெட் சக்கரத்தில் எத்தனை பூஜ்யம் என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள். ஒரு பூஜ்யம் என்றால் கேசினோவின் ஆதாயம் 2.7 சதவீதம், இரண்டு என்றால் 5.26, மூன்று என்றால் 7.69. ஸ்ட்ரிப்பில் மூன்று பூஜ்யச் சக்கரங்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன.

வரும் கோடையில் மாமியாரும் மாமனாரும் வருகிறார்கள். வேகாஸ் பார்க்க வேண்டும் என்று மாமனார் இப்போதே சொல்லிவிட்டார். திங்கள்கிழமை இறங்கி, கேசினோவே இல்லாத, அறையில் அடுப்பும் குளிர்பெட்டியும் உள்ள, ஸ்ட்ரிப்பை விட்டுக் கொஞ்சம் தள்ளிய விடுதியில் தங்கி, ராத்திரி ஸ்ட்ரிப்பைச் சுற்றிக் காட்டிவிட்டு, புதன் காலை தெற்கு விளிம்புக்குக் கிளம்பிவிடுவதாகத் திட்டம். கார்டு என்னுடையது.